தெற்கு அறையில் பொங்கிய மா

"சனி, 13 ஜூலை 1996. காலை 7.10. வெளியில் 4 பாகை. குசினி 9. நடு அறை 10. தெற்கு அறை 23. திரும்பப் பார்த்தேன், 23. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், 23."

இது என்னுடைய நீல அட்டைக் கொப்பியில் அன்று நானே எழுதிய குறிப்பு. கொப்பி இப்போதும் மேசையில் இருக்கிறது. பேய், ஆவி, குறி, சகுனம் எதையும் நான் நம்பியவன் அல்ல. நம்பாதது மட்டுமல்ல, நம்புகிறவர்களிடம் என்ன திகதி, என்ன மணி, வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டு அவர்களின் வாயை மூடவைத்த பாவமும் எனக்கு உண்டு. அதனால் நீங்கள் என்னிடம் அதையே கேட்டால் கோபிக்கமாட்டேன். திகதியும் மணியும் மேலே இருக்கின்றன. யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

அப்போது எனக்கு விரி என்ற ஊரில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை. உறைந்த இறைச்சியும் பட்டாணியும் அடுக்கிவைத்திருக்கும், உள்ளே எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து அட்டவணையில் எழுதிக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. களஞ்சியத்தில் கழித்துவிட்ட பழைய வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி, அது சரியாகக் காட்டுகிறதா என்று ஐஸ் தண்ணீரில் வைத்துச் சோதித்து, பக்கத்து ஊரான மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் பத்துப் பத்து நிமிடம் வைத்து எழுதுவேன். என் மனைவி சுகந்தி, "வேலையிலயும் குளிரை எழுதுறியள், வீட்டிலயும் குளிரை எழுதுறியள். எழுதினா அது வெக்கப்பட்டுப் போயிடுமே?" என்று கேட்பாள்.

அந்த வீட்டை எடுத்தது நான்தான், 1996 பெப்ரவரி 24ஆம் திகதி. நல்ல வெயில் காலம், பலகை வீடு, பின்னால் ஓர் எலுமிச்சை மரம். நான் நிறைய வாசிக்கிறவன். வீடு கட்டுவதைப் பற்றி இங்கிலாந்தில் அச்சான புத்தகம் ஒன்றில், தெற்குப் பார்த்த அறைதான் வெயில் விழும் அறை, அதுவே சூடான அறை என்று படித்திருந்தேன். அதை நம்பி, மூன்று வயது மகள் அபியின் கட்டிலைத் தெற்குப் பார்த்த சின்ன அறையில் போட்டேன். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் வெயில் வடக்கிலிருந்து வருகிறது என்பதை மே மாதம் வரும்வரை நான் யோசிக்கவேயில்லை. அந்த அறையில் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டு வெயில் விழாது. சன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் ஓடும், துடைத்துப் பிழிந்தால் அரைக் கோப்பை நிறையும். சன்னல் சட்டத்தில் பாசி. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். அபிக்கு ஜூன் மாதம் தொடங்கிய இருமல் நிற்கவேயில்லை.

பிள்ளையை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டு அந்த அறையைக் கதவடைத்தோம். பிறகு அது எங்கள் இரண்டாவது குளிர்சாதனப்பெட்டி ஆயிற்று. பூசணி, வெங்காயம், மிஞ்சிய கறி எல்லாம் அங்கேதான். ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கேத்திலையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும், அதனால் ஒன்று சூடு அல்லது தேத்தண்ணி. எங்கள் ஆட்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் வருகிறவர்கள். அந்தத் தரையில் கால் வைத்தால் உச்சந்தலை வரைக்கும் ஏறும். வெளியே போகும்போது கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் போடுகிற நிலைமை. வேலைக்கென்று எனக்குத் தந்த தடித்த ஃபிரீசர் ஜாக்கெட்டை வீட்டில்தான் அதிகம் போட்டேன்.

சுகந்தியின் அண்ணன் டொரொன்டோவில் இருந்தார். கிழமைக்கு ஒருமுறை டெலிபோன் எடுப்பார். "இஞ்ச விண்டரில வெளியில மைனஸ் இருவது, ஆனா வீட்டுக்குள்ள நான் பெனியனோட நிக்கிறனான். நீங்கள் என்ன விசருக்கு அங்க கிடந்து நடுங்கிறியள்?" என்பார். அவர் சொன்னதில் பிழையில்லை. சுகந்தியையும் அபியையும் தன்னிடம் கூப்பிடுவதற்கான ஒழுங்குகளையும் அவர் தொடங்கியிருந்தார். சுகந்தி ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைக் கேட்க ஜூலை 14, ஞாயிறு காலை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கோ இது மூன்றாவது நாடு. நாலாவதுக்கு மனம் வரவில்லை. அதைவிட, அவர்கள் இருவரும் போய் நான் இங்கே வெப்பமானியோடு தனியே நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் பிள்ளை இருமுகிறபோது எந்த வாயால் போகாதே என்று சொல்வது?

சுகந்திக்குக் குளிரை அளக்க வெப்பமானி தேவைப்படவில்லை. அவளுடைய அளவுகோல் தோசை மா. உளுந்தை அரைத்துக் கரைத்து வைத்தால் யாழ்ப்பாணத்தில் விடியமுன் பொங்கி மூடியைத் தள்ளும். மனுரேவாவில் இரண்டு நாள் வைத்தாலும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். மற்ற வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கிக்கென்று ஓர் அலுமாரி இருக்கும், எங்கள் ஆட்கள் மாவை அதற்குள் வைப்பார்கள். எங்கள் வீட்டில் தாங்கி கூரைக்குள் இருந்தது. கேக் சுடுகிற அவணைக் கொஞ்சம் சூடாக்கி, நிறுத்திவிட்டு, உள்ளே வைத்துப் பார்த்தோம். ஒருநாள் மா வெந்துபோனது, மற்ற நாட்களில் அசையவில்லை. அப்பம் சுட்டாலும் அட்டை, தோசை சுட்டாலும் அட்டை.

ஜூலை 12 வெள்ளி பின்னேரம் மாவைக் கரைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, சும்மா சொல்லேல்லை. இந்த வீட்டில ஒருநாளாவது மா தானாப் பொங்கட்டும், நான் அண்ணாவுக்கு மாட்டன் எண்டு சொல்லுறன். இல்லாட்டி ஓம் எண்டு சொல்லுறன். சரியோ?"

"பகிடிக்குத்தானே?" என்றேன்.

"பகிடி இல்லை. மா பொங்காத வீட்டில பிள்ளையின்ர நெஞ்சு எப்பிடியப்பா சுகமாகும்?"



இனிச் சொல்லப்போவதில் என் பிழையும் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு அலுமினியப் பானைகள், ஒன்றில் மா, மற்றதில் அடுத்தநாளுக்கான சொதி. மாவை அவணுக்குள்ளும் சொதியைத் தெற்கு அறையிலும் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து தெரியவில்லை என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை, ஆவி படிய வீட்டுக்குள் சூடு இருந்தால்தானே. அவள் கேட்டதையே யோசித்துக்கொண்டு பானைகளை மாற்றி வைத்துவிட்டேன். சொதி அவணுக்குள் போனது. மா வீட்டிலேயே மிகக் குளிரான அறைக்குள், வெறும் தரையில், பூசணிக்குப் பக்கத்தில்.

காலையில் குசினியிலிருந்து சத்தம் வந்தது. "சொதியை ஏன் அவணுக்குள்ள வைச்சனீங்கள்? அப்ப மா எங்க? ஐயோ, அந்த அறைக்குள்ளயோ வைச்சிட்டியள்?" கால்கள் வேகமாகத் தெற்கு அறைப் பக்கம் போயின. கதவு திறந்த சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது, ஏச்சை எதிர்பார்த்துப் படுத்திருந்தவனுக்கு ஏச்சு வராவிட்டால் எப்படி இருக்கும்?

"இஞ்சருங்கோ," என்று மெல்லக் கூப்பிட்டாள். "இஞ்ச ஒருக்கா வாங்கோ."

வாசலில் நின்றபோதே முகத்தில் பட்டது. களஞ்சியத்திலிருந்து பகலில் வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது வருமே ஓர் இதம், அது. சன்னல் கண்ணாடி துடைத்ததுபோல உலர்ந்திருந்தது. மூலையில் பானை, மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்க, வெள்ளை நுரையாக மா விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. பானையைச் சுற்றி என்னுடைய ஃபிரீசர் ஜாக்கெட். அதை நான் முதல்நாள் பின்கதவு ஆணியில் மாட்டியது எனக்கு நன்றாக ஞாபகம். இப்போது அது பானையை அணைத்தபடி, இரண்டு கைகளும் முன்னால் முடிச்சுப் போடப்பட்டு, கைகளின் நுனிகள் கழுத்துப்பட்டிக்குள் சொருகப்பட்டு இருந்தது, குளிர்காலத்தில் பிள்ளையைச் சுற்றிவிடுவதுபோல.

நான் ஓடிப்போய் வெப்பமானியைக் கொண்டுவந்தேன். அந்தக் குறிப்பைத்தான் முதலில் வாசித்தீர்கள். கீழே முடிச்சின் படத்தையும் வரைந்துவைத்திருக்கிறேன்.

சுகந்தி என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குது. சுடுதண்ணிப் போத்தலை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"ஜாக்கெட் நடந்து வந்ததோ?"

அவள் பானையைத் தூக்கிப் பார்த்தாள், பூசணியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவளுடைய சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் அந்த மா பொங்குவதால் நன்மை பெறுகிற ஒரே ஆள் நான். உங்களுக்கும் இப்போது அதே எண்ணம்தான் ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃபிரீசர் ஜாக்கெட் இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, இல்லாத சூட்டை உண்டாக்காது. எட்டுப் பாகை மாவுக்கு அதைச் சுற்றினால் எட்டுப் பாகையைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். நான் ஏமாற்ற நினைத்திருந்தால் இதைவிடக் கெட்டித்தனமாக ஏமாற்றியிருப்பேன்.

பத்து மணிக்குச் சந்தியோகு அண்ணை வந்தார். மன்னார்க்காரர், களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், குடும்பம் இன்னும் வந்துசேராததால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. தோசையைப் பிய்த்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்குத் தோசை வளையுது?"

நடந்ததைச் சொன்னோம். ஐந்தாவது தோசை வரைக்கும் சிரித்தார். பிறகு, "தம்பி, பேய் வந்தா அந்த இடம் சில்லிட்டுப் போகும். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை. சூடாக்கிற பேயை ஆர் கண்டது? இது பேயில்லை, உன்ர திருகுதாளம்" என்றார்.

"அப்ப இண்டைக்குத் திரும்ப வைச்சுப் பாப்பம்," என்றாள் சுகந்தி. "அண்ணை, நீங்கள்தான் சாட்சி."

உடனே உளுந்து ஊறப்போட்டாள். மாலை ஆறு மணிக்குப் புது மாவை அவளே கொண்டுபோய் அதே மூலையில் வைத்தாள். அப்போது அறையில் 9 பாகை. காலையில் இருந்த சூடு பகலில் எப்போது போனது என்று நாங்கள் கவனிக்கவில்லை, அது என் குறிப்பில் உள்ள ஓட்டை. வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டோம். சன்னல் பழைய பெயின்ற்றில் ஒட்டிப்போய்த் திறக்கவே திறக்காது. சந்தியோகு அண்ணை என் ஜாக்கெட்டைத் தன் காருக்குள் போட்டுக்கொண்டு, ஹீட்டரையும் கேத்திலையும்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவைப் பூட்டிச் சாவியைச் சுகந்தி தலையணைக்குக் கீழே வைத்தாள். என்னைச் சுவர்ப் பக்கம் படுக்கவிட்டு, நடுவில் பிள்ளை, கரையில் தான். சிறையில்கூடக் கேத்தில் இருக்கும் என்றேன். "பேசாமப் படுங்கோ" என்றாள்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்குச் சந்தியோகு அண்ணை கோயிலுக்குப் போகிற வழியில் வந்தார். கையில் செபமாலை. "சும்மா, கோயிலுக்குக் கொண்டுபோறன்" என்றார், நாங்கள் கேட்காமலே. சுகந்தி சாவியைப் போட்டுத் திறந்தாள்.

22 பாகை. மூடி தரையில் கிடந்தது. மா பானைக்கு மேலே தொப்பிபோல எழும்பி நின்றது.

சந்தியோகு அண்ணை உள்ளே காலடி வைக்கவில்லை. வாசலில் நின்றே கையை மட்டும் நீட்டி, அடுப்பில் கை காய்ச்சுவதுபோல் வைத்திருந்தார். "தம்பி," என்றார் கடைசியில், "என்ர அறையும் குளிர்தான். உவரை ஒரு கிழமைக்கு அங்க அனுப்பேலாதோ?"

எட்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. டொரொன்டோவில் இன்னும் சனிக்கிழமை, மாலை நாலு மணி. சுகந்தி ரிசீவரை எடுத்துக்கொண்டு தெற்கு அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அபி அதற்குள் தெற்கு அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், "அம்மா, இற்ஸ் வோர்ம்" என்று கத்தினாள். எழும்பியதிலிருந்து அவள் ஒருதரமும் இருமவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, நான் வரேல்லை," என்றாள் சுகந்தி.

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "ஏனடி? அங்க ஹீற்றிங் போட்டாச்சே?"

"நாங்கள் போடேல்லை. ஆரோ போடுகினம்."

அதற்குப் பிறகு அவள் அரைமணி நேரம் பேச்சு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

கட்டிலைத் திரும்பத் தெற்கு அறைக்கே மாற்றினோம், மூன்று பேரும் அங்கேயே படுத்தோம். பயம் வரவில்லையா என்று கேட்பீர்கள். ஜூலை மாதத்தில் மனுரேவாவில் ஒரு சூடான அறை கிடைத்தவனுக்குப் பயப்பட நேரம் ஏது? மாலையானால் ஏறும், பகலில் இறங்கும், காலையில் 21க்கும் 23க்கும் இடையில். ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன். ஒருநாள் மட்டும் விலக்கு. ஆகஸ்ட் 3, சந்தியோகு அண்ணை யாரோ கழித்த எண்ணெய் ஹீட்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த அறையில் போட்டார். இரவு முழுக்க ஹீட்டர் எரிந்தது, காலையில் அறை 12. வந்த விருந்தாளியை வைத்துக்கொண்டு வேறு ஆளைச் சமைக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது என்று சுகந்திக்குக் கவலை. ஹீட்டரை வெளியே தள்ளிவிட்டு, அறை நடுவில் நின்று, "ஸொறி, வெரி ஸொறி" என்று சொன்னாள். ஏன் இங்கிலிசில் என்றேன். "இந்த வீட்டில எங்களுக்கு முதல் தமிழ் ஆர் இருந்தது?" என்றாள். அடுத்தநாள் 22.

ஆகஸ்ட் 31 காலை 21. செப்ரெம்பர் 1 காலை 12, மற்ற அறைகளும் 12. இந்த நாட்டு நாட்காட்டியில் அன்றுதான் வசந்தம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு அந்த அறை ஒரு சாதாரண அறை. அடுத்த குளிர்காலத்துக்கு முன் நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம், வடக்குப் பார்த்த சன்னல்களோடு.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். கூரைக்குள் தாங்கி, ஒழுகும் குழாய், எதையாவது. ஆனால் அக்டோபர் மாதத்தில் ஒருநாள் சுகந்தி வேலிக்கு அப்பால் இருந்த நான்சி என்ற வயதான பெண்மணிக்கு இரண்டு தோசை கொண்டுபோனாள், எப்படிச் செய்வது என்று காட்ட மாப் பானையையும் தூக்கிக்கொண்டு. நானும் கூடப் போனேன். மா பொங்கியிருந்ததைப் பார்த்ததும் நான்சி சிரித்தார். உங்கள் வீட்டில் முன்பு இருந்த ஜொய்ஸும் இப்படித்தான், பாண் மாவைப் பிசைந்து அந்தச் சின்ன அறையில் வைப்பாள், குளிரில் எழும்பாது, பாவம், புருஷன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அவனுடைய பெரிய கோட்டை எடுத்துச் சுற்றிக் கட்டுவாள் என்றார். சொல்லிக்கொண்டே தன் தோளில் கிடந்த ஸ்வெற்றரை எடுத்து எங்கள் பானையைச் சுற்றி, கைகளை முன்னால் முடிந்து, நுனிகளைக் கழுத்துப்பட்டிக்குள் சொருகிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். இடக்கை மேலே, வலக்கை கீழே, நுனி உள்ளே. அதே முடிச்சு. ஜாக்கெட்டைப் பற்றி அவரிடம் சொன்னாயா என்று சுகந்தியைக் கேட்டேன். "அவவுக்கு விளங்கிற மாதிரி அதைச் சொல்ல எனக்கு இங்கிலிஸ் காணுமே?" என்றாள்.

ஜொய்ஸ் எப்போது இறந்தார் என்று நான் நான்சியைக் கேட்டிருந்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இறக்கவில்லை, குளிர் தாங்காமல் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள், போன நத்தாருக்குக் கிறிஸ்மஸ் கார்ட் போட்டாள் என்று விலாசமும் தந்தார். நான் அந்த மாதமே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. உறையின் பின்னால் என் விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தேன், அது திரும்பியும் வரவில்லை. நான்சி பிறகு கிளென்ஃபீல்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சூட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் மா கரைத்து வைக்கும்போது சுகந்தி என் பழைய ஃபிரீசர் ஜாக்கெட்டை எடுத்து அப்படியே சுற்றிக் கட்டி, நுனிகளைச் சொருகிவிடுகிறாள். கேட்டால், மரியாதைக்கு என்கிறாள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஜொய்ஸ், பிரிஸ்பேன். 1996 ஜூலை 12 இரவு எங்கே இருந்தார், உயிரோடு இருந்தாரா? இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை."